மகளை விடுதியில் விட்டு வந்ததில் இருந்து வீட்டில் இருப்பே கொள்ளவில்லை

கேள்வி:

"புஞ்சைப் புளியம்பட்டி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு 46 வயது. ஒரே மகள். கவுன்சிலிங்கில் சென்னையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்து, விடுதியில் விட்டுட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. எனக்குத்தான் இருப்பே கொள்ள மாட்டேங்குது. இன்னும் மகளுக்கும் சேத்துத்தான் அரிசி போடறேன். மிச்சச் சோத்தை மாட்டுத் தொட்டியில கொட்டும்போது அழுகை வந்துருது. காலையில ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் ஆரன் அடிச்சுட்டு இட்டேரியில போகுது, அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு அடைக்குது. ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்து வேர்த்துக் கொட்டுது. மகளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்றேன். எடுக்கறதில்லை. எடுத்தா, 'சாப்ட்டேம்மா, வெச்சிரட்டுமா'ங்கறா. பயந்து போய் வார்டனுக்குக் கூப்பிட்டேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசலை. வீட்டுக்காரர் மாட்டுக் கட்டுத்தரையே கதின்னு கிடக்கறார், ஒன்னும் பேச மாட்டார். மகளோட ஸ்கூட்டியை ஞாயித்துக்கிழமையானா ஸ்டார்ட் பண்ணி நிறுத்தறார். எதுக்குன்னு கேட்டா, பேட்டரி போயிரும்ங்கறார். முன்னெல்லாம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வருவாங்க. ரெண்டு பேர் புள்ளைகளும் ஒரே வேன்லதான் போயிட்டு வந்தாங்க. ரிசல்ட் வந்தப்புறம் அவுங்களும் வர்றதில்லை. நான் ஒன்னும் தப்பாச் சொல்லலைங்க, லட்டு கொண்டு போய்க் குடுத்தேன், அவ்வளவுதான். அவுங்க பையன் மார்க் கம்மியாகி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். என் மாமியார், 'பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் தாட்டி விட்டுட்டு இப்ப அழுதா ஆச்சா?'ங்கறாங்க. பேசாம மகளைக் கோயமுத்தூர்லயே ஒரு காலேஜுக்கு மாத்திரலாமுங்களா?"

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளைக் கல்லூரி மாற்ற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மகள் திரும்பி வர வேண்டும் என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. சாப்பாடு சேரவில்லை, பாடம் ஏறவில்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று அவள் சொன்னதாகவும் இல்லை. தவிப்பு உங்களுடையது. உங்கள் தவிப்புக்கு மருந்தாக அவள் படிப்பை மாற்றினால், நாலு வருடம் கழித்து வேலைக்கோ கல்யாணத்துக்கோ அவள் கிளம்பும்போது இதே இடத்தில்தான் மறுபடியும் நிற்பீர்கள். கவுன்சிலிங்கில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு நடுவில் இன்னொரு இடம் தேடுவதும் சுலபமில்லை. இந்த யோசனையை மகளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால், "அதை விட்டுட்டேன் கண்ணு, நீ படி" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அம்மா எப்போது வந்து கூட்டிப் போய்விடுவாளோ என்ற பயம் மனதில் இருந்தால், எந்தப் பிள்ளையும் அங்கே ஒரு கஷ்டம் என்று வாய் திறக்காது.

அடுத்து, அழுகை. நம் பக்கம் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவது என்றால் காலங்காலமாகக் கல்யாணம்தான். அதற்கு எத்தனை ஏற்பாடு இருக்கிறது பாருங்கள். ஒறம்பரை முன்கூட்டியே வந்து இறங்கிவிடும். கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வந்து சீர் செய்து வைப்பார். பெண்ணை அனுப்பும்போது தாய் அழுதால் கூட நாலு பேர் அழுவார்கள், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், ஒருவர் முதுகைத் தடவிக் கொடுப்பார். அப்புறம் மறுவீடு. ஆடி பிறந்தால் போய்க் கூட்டிக்கொண்டு வருவது. அனுப்பிய பிள்ளை திரும்பத் திரும்ப வீட்டுக்கு வர வழி வைத்திருந்தார்கள், அனுப்பியவளுக்கு அழ இடமும் வைத்திருந்தார்கள்.

விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. ராத்திரி ரயிலேறிப் போய், பெட்டியை இறக்கி வைத்து, மெத்தையும் பக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, மறுநாள் ராத்திரி ரயிலிலேயே திரும்பி, வந்ததும் வராததுமாகப் பால் கறக்க உட்கார்ந்திருப்பீர்கள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்ல காலேஜுங்களா? பீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டிருப்பார்கள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. கொங்கு நாட்டில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பள்ளி விடுதிகளில் பிளஸ் ஒன்னிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வீடுகளிலும் மார்க்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு அம்மாக்களின் மனசைப் பற்றி யாரும் பேசியதில்லை. மார்க் வாங்கத்தானே போயிருக்கிறான், இதில் அழ என்ன இருக்கிறது என்று அவர்களே வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி மூடிக்கொள்ளாமல் எழுதிவிட்டீர்கள், அதுவே நல்லது. மாமியார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவராக இருந்தால், ஒரு நாள் பொழுதோட சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெண் போன அன்று ராத்திரி வீடு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

இனி, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா.

நீங்கள் அவரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் தவிப்பில் பாதி அங்கேதான் இருப்பதாகத் தெரிகிறது. வேன் ஆரன் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்கிறீர்கள். அந்த ஆரன் சத்தத்தோடு உங்கள் மகள் மட்டும் போகவில்லை. இட்டேரி முக்கில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வேன் வரும்வரை அந்த அக்காவோடு நின்று பேசிய பேச்சும் போயிருக்கிறது. கத்தரிக்காய் என்ன விலை போனது, யார் வீட்டுக் கிணறு வற்றியது, நேற்றுச் சண்டையில் கொழுந்தனார் என்ன சொன்னார் என்று வருடக்கணக்கில் தினமும் பேசியிருப்பீர்கள். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஏதாவது காரணத்தோடுதான் போயிருப்பீர்கள், அந்தக் காரணம் பெரும்பாலும் பிள்ளைகள்தான். பிள்ளைகள் போனதும் காரணம் போய்விட்டது.

நம் பக்கத்தில் இது இன்னும் கூடுதலாகவே உறைக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் போல நமக்கு வீடுகள் தெருவாக ஒட்டி இருப்பதில்லை. கிணறு எங்கேயோ அங்கே சாளை வீடு, அவரவர் தோட்டத்தில் அவரவர். திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு அம்மா கண்ணில் படுவார் என்ற பேச்சே இல்லை. ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்றால் கிளம்பிப் போனால்தான் உண்டு. மாடும் காடும் இருக்கிற வீட்டில் ஒரு பெண் சும்மா கிளம்பிவிடவும் முடியாது. அதனால் தோட்டத்து வீடுகளில் சிநேகிதம் தானாக நடக்காது, நாம்தான் கிளம்பிப் போய் வைத்துக்கொள்ள வேண்டும்.

லட்டு விஷயத்தில் நீங்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் நல்ல மார்க் வாங்கினாள், சந்தோஷத்தை அக்காவோடு பங்கு போடப் போனீர்கள். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே நாள், அதே ரிசல்ட். உள்ளே பையன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். அவனுடைய அப்பா ஏதாவது சொல்லியிருப்பார். தூக்குப்போசியில் லட்டோடு நீங்கள் போய் நிற்கிறீர்கள். அந்த அக்கா அதை வாங்கிக்கொண்டு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு அவரிடம் எவ்வளவு வாங்கியிருக்கும் என்று உங்களுக்கு அன்று தெரிய வாய்ப்பில்லை. இன்று தெரியும்.

இன்னொன்று. அந்த அக்கா வீட்டிலும் பிள்ளை போய்விட்டான், உங்கள் வீட்டில் போன அதே வருடம். சென்னைக் கல்லூரிக்கு ஒரு பிள்ளை போனால் ஊரே அதைப் பயணம் என்று கணக்கில் வைக்கிறது. பனியன் கம்பெனிக்குப் போனால், பக்கத்தில் திருப்பூருக்குத்தானே போயிருக்கிறான் என்று விட்டுவிடுகிறது. பதினெட்டு வயதுப் பையன். நேற்று வரை அம்மா தோசை சுட்டுப் போட்டால் வட்டலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். இன்று நாலைந்து பேரோடு ஒரு ரூமில், காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வெளியே வருவான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துத் தூங்கவே சரியாகப் போய்விடும். உங்கள் மகளுக்காவது விடுதியில் நேரத்துக்கு மணி அடித்துச் சோறு போடுகிறார்கள், கேட்க ஒரு வார்டன் இருக்கிறார். அவனுக்கு அதுவும் இல்லை. அவன் அம்மாவுக்கு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். அவர் அழுதால், "நல்லாப் படிச்சிருந்தா ஏன் போறான்?" என்று ஒரு சொல்லும் கூடவே வரும். உங்களுக்கு அந்தச் சொல் இல்லை.

எனவே போய்ப் பாருங்கள். கையில் இனிப்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கு நடந்ததற்கு விளக்கமும் வேண்டாம், "அக்கா நான் மனசுல வெச்சுக் குடுக்கலை" என்று ஆரம்பித்தால் அவர் மறுபடியும் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும். மோருக்கு உறை வேண்டும் என்று ஒரு கிண்ணத்தோடு போங்கள். போனதும் பையனைப் பற்றிக் கேளுங்கள், பேரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கே சாப்பிடுகிறான், துணி யார் துவைக்கிறார்கள், எந்த டிபார்ட்மெண்டில் போட்டிருக்கிறார்கள், கட்டிங்கா செக்கிங்கா. உங்கள் மகள் பேச்சை அவர் எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்க வேண்டாம். எடுத்தால், சீட்டு, காலேஜ் பெருமை எல்லாம் விட்டு, "வீட்ல இருக்கவே முடியலைக்கா" என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதல் நாள் அவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். உறையை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அடுப்புல வெச்சது அடிப்பிடிச்சுரும்" என்று உள்ளே போய்விடலாம். சரி என்று வந்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் போங்கள். புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தைக்குக் கூட வருகிறீர்களா என்று கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைச் சந்தைக் கூட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பேசிவிடலாம். என்னிடம் வருகிற பெண்களில், பேச்சு நின்ற சிநேகிதியிடம் முதலில் போய்ப் பேசியதற்காக வருத்தப்பட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சந்தைக்கு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். வீட்டில் ஸ்கூட்டி நிற்கிறதே.

உங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசத் தெரியாத மனிதர், மகளுடைய பொருள் ஒன்று கெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் அரிசியைக் குறைத்துப் போட முடியாமல் தவிக்கிறீர்கள், அவர் பேட்டரி என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அதே தவிப்பில்தான் வாசலில் நிற்கிறார். நம் பக்கத்து ஆண்கள் பலருக்கு வெசனம் வந்தால் கட்டுத்தரைதான் புகலிடம். மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு நின்றால் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். "ஏனுங்க, உங்களுக்கும் புள்ளை ஞாபகமா இருக்குதா?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக அங்கேயே நிற்க வேண்டாம், ஒரு கை வைக்கோலை அள்ளிப் போட்டுக்கொண்டே கேளுங்கள்.

அப்புறம், அந்த வண்டியை ஓட்டக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். 46 வயதில் என்ன வண்டி என்று சிரிக்காதீர்கள். கியர் இல்லாத வண்டி, இட்டேரியில் காலை வேளையில் ஆள் நடமாட்டம் இருக்காது. பழகும் முன்பே எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள், 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிடலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதால் அவசரமும் இல்லை. ஹெல்மெட் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பஸ்ஸுக்கும் மற்றவர்களுக்கும் காத்திராமல் நினைத்தபோது கிளம்பலாம் என்ற நிலை தோட்டத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, உங்கள் இருவருக்கும் இடையில் மகளைப் பற்றி அல்லாத ஒரு வேலை வந்து சேரும். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார், பிரேக் பிடிக்கச் சொல்லிக் கத்துவார், சண்டை வரும். அந்தச் சண்டை நல்லது.

பிள்ளைகள் போன பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு நூறு பெண்களுக்கு மேல் 43 வயதிலிருந்து 61 வயது வரை தொடர்ந்து கவனித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பெண்களுக்கு இல்லறத்தில் திருப்தி கூடியிருந்தது. இருவரும் சேர்ந்திருந்த நேரம் கூடியதால் அப்படி ஆகவில்லையாம், சேர்ந்திருந்த கொஞ்ச நேரம் முன்பைவிட இனிமையாக இருந்ததால் ஆகியிருக்கிறது. அந்த ஊர் வேறு, வாழ்க்கை வேறு. ஆனாலும் என்னிடம் வரும் நம் பக்கத்துத் தம்பதிகளிடமும் இதைப் பார்க்கிறேன். அடுப்படியில் நீங்கள், கட்டுத்தரையில் அவர் என்று இருந்தால் மட்டும் அது வராது.

இனிப்பான பேச்சோடு கொஞ்சம் கடினமானதும் சொல்ல வேண்டும். வார்டனுக்குப் போன் செய்ததற்கு மகள் கோபித்தது நியாயம்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டால் எடுக்காததும் நியாயம்தான். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலை முதல் சாயங்காலம் வரை வகுப்பு, லேப். வந்தால் ரெக்கார்டு நோட் எழுத வேண்டும், துணி துவைக்கக் குழாயடியில் இடம் பிடிக்க வேண்டும், மெஸ் மூடுவதற்குள் சாப்பிட வேண்டும். ரூமில் கூட இருப்பவர்கள் காதில் விழும்படி அம்மாவிடம் என்ன பேசிவிட முடியும்? "சாப்ட்டியா?" என்ற கேள்விக்குச் "சாப்ட்டேன்" என்பதற்கு மேல் பதில் கிடையாது. அவள் உங்களை மறந்துவிடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

நீங்கள் போனில் அழுகிறீர்களா என்று எழுதவில்லை. அழுதிருந்தால், இனிமேல் அவளிடம் வேண்டாம். அக்காவிடம் அழுங்கள், வீட்டுக்காரரிடம் அழுங்கள், எனக்கு எழுதுங்கள். அம்மா அழுவாள் என்று தெரிந்த பிள்ளை, காய்ச்சல் வந்தால்கூட மறைத்துவிடும்.

நீங்களாகக் கூப்பிடுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு உனக்குத் தோது என்று அவளையே கேட்டு, அந்த நேரத்தில் அவளாகக் கூப்பிடட்டும். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும். கன்று போட்ட மாடு, மல்லிகைச் செடி, அவள் அப்பா ஸ்கூட்டியைத் துடைக்கிற கோலம். கேள்வி எதுவும் கேட்காமல் அனுப்புங்கள். பேசும்போது உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்: "இன்னைக்கு வண்டியை வேலியில கொண்டு போய் விட்டுட்டேன் கண்ணு." பாருங்கள், அவள் போனை வைக்க மாட்டாள். ஏதாவது ஒரு விஷயத்தில் அவளிடம் யோசனை கேளுங்கள். போனில் கரண்ட் பில் எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள். பொறுமையாகச் சொல்லித் தருவாள்.

பயப்பட வேண்டிய அடையாளங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பேசும்போதெல்லாம் குரல் கம்மி இருப்பது, வகுப்புக்கே போகாமல் ரூமில் படுத்திருப்பது, சாப்பாடு வெகுவாகக் குறைந்துபோவது, சீனியர்கள் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றுவது. இதில் ஏதாவது தெரிந்தால் போனில் விசாரித்துக்கொண்டிருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் புகார் சொல்லலாம். அந்த எண்ணை மகளுக்கும் அனுப்பி வையுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை.

உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், மூணு மணிக்கு முழிப்பு, வேர்த்துக் கொட்டுவது. இதை மகளின் பிரிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டித்தான். நிற்பதற்குச் சில வருடம் முன்பிருந்தே இந்த வேர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, படபடப்பு எல்லாம் வரலாம். பிள்ளை பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போவதும் அம்மாவுக்கு இந்த மாற்றம் வருவதும் பல வீடுகளில் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன. எது எதனால் என்று பிரிக்கத் தெரியாமல் பெண்கள் எல்லாவற்றையும் மனதின் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனையிலோ பழக்கமான டாக்டரிடமோ போய் ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை, பிரஷர் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு முறை மாறியிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி, அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இதே பாரம் இருந்தால், மாட்டைக் கூடப் பார்க்கப் பிடிக்காமல் போனால், ஏன் இருக்கிறோம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தால்கூட, அதை மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதற்கென்று மருத்துவர் இருப்பார். 14416 என்பது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ராத்திரி மூணு மணிக்கும் எடுப்பார்கள்.

தீபாவளிக்கு அவள் வருவாள். அதற்கு மட்டும் இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வந்த அன்று பத்து மணி வரை தூங்குவாள். நீங்கள் ஒப்புட்டு சுட்டு வைத்திருப்பீர்கள், அவள் ஒன்றைத் தின்றுவிட்டு போனோடு உட்கார்ந்துவிடுவாள். பள்ளிச் சிநேகிதிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். பேச்சில் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் வரும். அது வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக முகத்தைச் சுளிக்காமல் அந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போனில் "அந்தத் தூத்துக்குடிப் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். ரயில் டிக்கெட்டை அவளையே போடச் சொல்லுங்கள். இப்போது 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு, தீபாவளி வண்டிகளில் திறந்த சில நிமிடங்களில் இடம் முடிந்துவிடும். இடம் கிடைக்காமல் போய்விட்டிருந்தால் தட்கலில் முயற்சி செய்யட்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் வரட்டும். டிக்கெட் எடுப்பது அவள் பொறுப்பு. அதே தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து அந்தப் பையனும் போனஸ் வாங்கிக்கொண்டு வருவான். அவனையும் ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடுங்கள், அவன் அம்மாவோடு சேர்த்து.

அக்காவிடம் போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
குடும்பநல ஆலோசகர், கோவை